பிபாலுக்கைக் கேட்டதாகச் சொன்னார்கள்

2007 மார்ச் மாதக் காலை. ஒஸ்லோவின் புறநகரான ஹவுகெட்டோவின் நிலையத்தில் ரயில் ஏறும்போது பனி தூறிக்கொண்டிருந்தது. நகர நடுவுக்குப் பத்து நிமிடப் பயணம். வட துருவக் கடலின் எதிர்காலம் பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்கு, நாகப்பட்டினத்திலிருந்து மீனவர் செய்திகள் எழுதும் என்னையும் பேச அழைத்திருந்தார்கள். நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் யோகன் துணைக்கு வந்தார். பருத்தித்துறைக்காரர், இங்கே பேருந்து ஓட்டுகிறார்.

நான் போனதே பிபாலுக் என்ற பெண்மணியின் பேச்சைக் கேட்கத்தான். கிரீன்லாந்தின் இனுயிட் பழங்குடி இனத்தவர், சீல் என்ற கடல்நாய்களை வேட்டையாடுபவரின் மகள். ஊர் மன்றத்தில் தொடங்கி, நாடாளுமன்றம் போய், மீன்வள அமைச்சரானவர். தம் கடலில் எண்ணெய்க்குத் துளையிடும் திட்டத்தை எதிர்த்துப் பதவியை உதறியவர். இப்போது பல நாடுகளில் பிரிந்து கிடக்கும் தம் மக்களுக்குத் தலைவர்.

வாசலிலேயே ஆரம்பித்தது. சாம்பல் நிறக் கோட்டில் வந்தவரிடம் அமைப்பாளர், "உங்கள் இனத்துத் தோலுடையைக் கொண்டுவரவில்லையா? படத்துக்கு நன்றாக இருக்குமே" என்றார்.

"உங்கள் மீன்வள அமைச்சரை வலையோடு வரச் சொல்வீர்களா?" என்று கேட்டார் பிபாலுக்.

அமைப்பாளர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

எண்ணெய் நிறுவனத்துக்காரர் ஒரு மணி நேரம் பேசினார். பிபாலுக்கை அழைத்தபோது பாதி அரங்கம் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டது.

"பனி உருகுவதை நீங்கள் வாய்ப்பு என்கிறீர்கள். நாங்கள் அந்தப் பனியின்மேல்தான் நடக்கிறோம். போன குளிர்காலத்தில் என் தம்பி நடந்தபோது அது உடைந்தது. அவன்..."

நேரம் முடிந்ததென்று மைக்கை அணைத்துவிட்டார்கள்.

நெறியாளரிடம் போய், மாலையில் நான் பேசும் நேரத்தை அவருக்குக் கொடுங்கள் என்றேன். நிகழ்ச்சி நிரலை மாற்ற முடியாதாம்.

"எங்கடை கடலிலையும் இப்பிடித்தான்," என்றார் யோகன். "எங்கை தொழில் செய்யலாம், எங்கை ஏலாது எண்டு எங்களைக் கேக்காமலே கோடு போடுவினம்."

மாலையில் முடிவறிக்கையை வாசித்தார்கள். 'பழங்குடி மக்களைக் கலந்தாலோசித்த பின்' என்று தொடங்கியது. பிபாலுக் எழுந்தார்.

"என்னை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. அந்த வரியை எடுங்கள்."

"பிறகு பேசிக்கொள்வோம்," என்றார் நெறியாளர்.

"எடுக்கும்வரை நிற்கிறேன்."

நானும் எழுந்தேன். யோகனும் எழுந்தார். வடக்கு நார்வேயிலிருந்து வந்திருந்த சாமி என்ற பழங்குடி இனத்தார் நால்வர் எழுந்தனர். ஒருவரும் கத்தவில்லை. வெகுநேரம் கழித்து, முகம் சிவந்த நெறியாளர் அந்த வரியை அடித்தார்.

வெளியே டிராம் நிறுத்தத்தில் பிபாலுக்கின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வரிதான் போயிற்று. துளையிடும் கப்பல் வரத்தான் போகிறது," என்றார். டிராம் வந்தது, ஏறிக்கொண்டார்.

மறுநாள் விமானத்திலும் என் கோபம் ஆறவில்லை. எங்கள் ஊர்க் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மீனவர் வாயைத் திறந்தால் போலீஸ் வந்து இழுத்துப் போகும். ஒஸ்லோவில் முன்வரிசையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, மைக்கை அணைக்கிறார்கள். இழுத்துப் போனால், தடுத்தார்கள் என்பதாவது ஊருக்குத் தெரியும்.