கலீல் பாயின் வலது கால்

அப்டேட் முப்பத்தெட்டு சதவீதத்தில் நின்றுபோனது. திரையில் புள்ளிகள் மட்டும் வட்டமாகச் சுற்றின. சீனிவாசலு கம்ப்யூட்டரின் தலையில் பதமாக இரண்டு தட்டு தட்டினார். எரிந்த மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள், காயில், கட்டுகிறவர். எந்த மெஷினையும் முதலில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

“அப்டேட் பண்ணட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்றதுக்கென்னங்க?” என்றாள் மனைவி பங்காரம்மா.

“மூணு நாளாக் கேட்டுட்டே இருக்குது அம்மணி. இன்னமும் வேண்டாம்னா நல்லாவா இருக்கும்?”

வாசலில் வந்து கேட்கிறவர்களிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. அவர் வீட்டில் மூன்று வாட்டர் ஃபில்டர்கள் இருந்தன.

வேறு நாளாக இருந்தால் போகிறது என்று விட்டிருப்பார். இன்று சாயங்காலம் கலீல் ரஹ்மான் வருகிறார்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குக் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் கலீல் பாய். அந்த வேலைக்கு சீனிவாசலுவும் ஒரு காலத்தில் மனுப் போட்டார். மருத்துவச் சோதனையில் வண்ணப் புள்ளிகளுக்குள் இருந்த எண்ணை வேறு எண்ணாகப் படித்தார். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுதான். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு சிங்காநல்லூரில் காயில் கட்டும் கடை போட்டார். தாமிரக் கம்பிக்கு ஒரே நிறம்.

ஐம்பத்தாறு வயதில் அவருக்கு பஸ் கிடைத்தது, கம்ப்யூட்டருக்குள். போத்தனூர் அமீர் ஹம்சாவின் மகன் இல்யாஸ் வால்பாறை மலைப்பாதையை வளைவு பிசகாமல் விளையாட்டாக்கிக் கொடுத்தான். மேஜையில் பொருத்திய ஸ்டீயரிங்கையும் காலடியில் வைத்த பெடலையும் அதோடு சேர்க்க ஒரு புரோகிராமும் எழுதினான். தினமும் கடை சாத்தியதும் சீனிவாசலு வால்பாறை போய்வந்தார். பின்னால் நாற்காலியில் பங்காரம்மா, வாந்தி வராமலிருக்க மூக்கருகே எலுமிச்சம்பழத்தோடு.

ஒரு கல்யாணத்தில் இதைக் கேட்ட கலீல் பாய், “நாத்திக்கெழமை வாரேன் சீனு. நீ டிரைவரா இல்லியான்னு பாத்துச் சொல்லிப்போடறேன்” என்றார். அன்றிலிருந்து சீனிவாசலுவுக்குச் சோறு இறங்கவில்லை. பாய் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் நிம்மதியாக உட்கார்ந்தவரே இல்லை. அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். ஏர்வாடி போய்த் திரும்பியதில் கால் வீங்கிவிட்டதாக அவர் மகள் நிதா சொல்லியிருக்கிறாள்.

மத்தியானம் அப்டேட் முடிந்தது. ஸ்டீயரிங் அசையவில்லை. திரை சொன்னது: வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை. உங்கள் பாதுகாப்புக்காக இந்த புரோகிராம் தடுக்கப்பட்டது.

இல்யாஸ் பெங்களூரில் இருந்தான். திங்கட்கிழமைதான் வருவான். போனில் பிடித்தார்.

“ஏங்கண்ணு, உன்னைய யாருன்னே தெரியாதுங்குது.”

“புரோகிராமுக்கு டிஜிட்டல் கையெழுத்து இல்லீங்க மாமா. பெரிய கம்பெனிக்காரங்கதான் அதெல்லாம் வாங்கி வெப்பாங்க. புது அப்டேட்ல கெடுபிடி பண்றாங்க.”

“நீ அமீர் பாய் பையன். சின்னதுல இருந்து பாக்கறேன். நான் ஜாமீன் நிக்கறேன்னு இதுல எங்க சொல்றது?”

இல்யாஸ் சிரித்தான். “அதுக்கும் பட்டன் இருக்குதுங்க. கூடுதல் தகவல்னு ஓரத்துல பொடி எழுத்துல இருக்கும், அமுக்குங்க. அப்பறம் எப்படியும் இயக்குன்னு வரும்.”

சீனிவாசலு ஜாமீன் நிற்கப் போகிறவர்போலச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இயக்கினார். ஸ்டீயரிங்குக்கு உயிர் வந்தது. ஆனால் பஸ் நொண்டியது. படம் நின்று நின்று தாவியது. அப்டேட்டோடு வந்த பாதுகாப்பைப் பழைய கிராபிக்ஸ் கார்டு தாங்கவில்லை என்றான் இல்யாஸ். “நான் வந்துதான் சரி பண்ணோணும். நீங்க கைய வெச்சுப்போடாதீங்க மாமா.”

கலீல் பாய் நாலு மணிக்கு வந்தார். பஸ் ஆழியாறிலிருந்து கிளம்பியது. முதல் வளைவு கண்ணுக்குத் தெரிந்தபோது வண்டி ஏற்கெனவே சுவரில் இருந்தது. பாயின் கால் தரையில் ஓங்கி இறங்கியது. காப்பி டம்ளர் உருண்டது.

“பஸ் ஓட்டறியா சீனு, கல்யாண ஆல்பம் காட்டறியா? ஒவ்வொரு போட்டோவா வருது.”

“கம்ப்யூட்டர் கோளாறுங்க பாய்.”

“எல்லா டிரைவரும் வண்டியத்தான் சொல்லுவான்.”

சீனிவாசலுவுக்கு முகம் சுட்டது. ரிவர்ஸ் எடுத்தார். இந்தத் திரையை நம்பினால் ஊர் போய்ச் சேர முடியாது. ஆனால் பாதை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். படம் வருவதற்கு முன்பே ஸ்டீயரிங்கை ஒடித்தார். திரை பின்னால் வந்து, ஆமாம் வளைவுதான் என்றது. அடுத்த வளைவிலும் அப்படியே. பாயின் கால் மிதித்தது, ஆனால் மெதுவாக. பிறகு நுனிவிரல் மட்டும் தாளம் போட்டது. ஒன்பதாம் வளைவில் சீனிவாசலு ஓரக்கண்ணால் பார்த்தார். கால் அசையவில்லை. பாயின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது.

“ஏனுங்க, தூங்கிட்டாருங்க” என்று பங்காரம்மா கிசுகிசுத்தாள். “அத்தன சலிப்பா ஓட்டறீங்க.”

“சத்தம் போடாத. பேசஞ்சர் தூங்கறாரு.”

மீதி வளைவுகளில் ஹாரன் அடிக்கவில்லை.

நிறுத்தியதும் பாய் விழித்தார். செருப்பைக் காலால் துழாவினார். “எந்த ஊருப்பா?”

“வால்பாறைங்க பாய்.”

பாய் நாற்காலிக்கடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்க எழுந்தார். வாசல் வரை போன பிறகுதான் அது சிங்காநல்லூர் வீடு என்பது நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை சீனிவாசலு வழக்கம்போலக் கடை திறந்தார். சூலூரிலிருந்து ஒரு போர்வெல் மோட்டார் வந்திருந்தது. மாலையில் இல்யாஸ் வந்து அமைப்பை மாற்றினான். படம் தண்ணீர்போல ஓடியது. படத்துக்கு முன்பே ஒடித்த பழக்கத்தில், மூன்றாம் வளைவில் சீனிவாசலு சீக்கிரம் ஒடித்துச் சுவரில் மோதினார். இன்னொரு அப்டேட் இருக்கிறது, போடட்டுமா என்று திரை கேட்டது. சரி என்றார். இனி இன்றைக்கு பஸ் ஓடாது என்று பங்காரம்மா எலுமிச்சம்பழத்தை ராத்திரிச் சாதத்துக்குப் பிழிந்தாள்.