எட்டு இல்லாத எண்

பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நான் இளைய வாத்தியாராக இருந்தேன். அங்கே நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

12345679 என்று ஓர் எண் உண்டு. ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக எழுதி, எட்டை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒன்பதால் பெருக்கினால் விடை முழுக்க ஒன்றாகவே வரும். ஏழு பிடிக்குமா? ஏழை ஒன்பதால் பெருக்கி, வருகிற அறுபத்து மூன்றால் அந்த எண்ணைப் பெருக்குங்கள். விடை முழுக்க ஏழு.

பரிசளிப்பு நாளில் இதைச் செய்து காட்ட, கரும்பு வெட்டுகிற ஒருவரின் மகளைத் தேர்ந்தெடுத்தேன். பெருக்கலில் அவள் தவறியதே இல்லை.

"அந்தப் புள்ளதானா கெடச்சுது? வேற நல்ல வூட்டுப் புள்ள இல்லியா?" என்றார் பெரிய வாத்தியார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

விழாவன்று எண்ணைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு, புதுச்சேரியிலிருந்து வரும் அதிகாரியை அழைத்துவரச் சாலைக்குப் போனேன். திரும்பியபோது கூடம் நிறைந்திருந்தது. கடைசியில்தான் நிற்க இடம் கிடைத்தது. அதிகாரி ஏழு என்றார். அவள் மளமளவென்று பெருக்கினாள். விடை 7777777707. ஏழுகளுக்கு நடுவே ஒரு பூஜ்யம்!

அதிகாரி சிரித்தார். உடனே கூடமே சிரித்தது. அப்போதுதான் பலகையைக் கூர்ந்து பார்த்தேன். ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் யாரோ ஓர் எட்டை நெருக்கி எழுதியிருந்தார்கள்.

"யார் இதை எழுதியது?" என்று கத்தினேன்.

"நான்தாம்பா. எட்ட வுட்டுட்டு எழுதிகீற. அதிகாரி பாத்தா நம்ம மானம் போவாதா?" என்றார் பெரிய வாத்தியார், ஏதோ உபகாரம் செய்தவர்போல.

முன்னால் போய்த் துண்டால் எட்டை அழித்தேன். "இப்ப போடும்மா" என்றேன். அவள் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடிவிட்டாள். நானே பெருக்கிக் காட்டினேன். ஆனால் அதற்குள் அதிகாரி சாப்பிட எழுந்துவிட்டார். கூட்டமும் அவர் பின்னால் போய்விட்டது.

மறுநாள் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன்.

"ஊரே சிரிக்கிற மாரி பண்ணிட்டீங்களே ஐயா" என்றார் அவள் அப்பா.

அவளிடம், "எட்டைப் பார்த்ததும் கேட்டிருக்கலாமேம்மா?" என்றேன்.

"பெரிய வாத்தியாரு எழுதறத பாத்தேன். அவர நான் எப்டி கேக்கறது? ஆனா நான் தப்பா போடல ஐயா. எட்டையும் சேத்துப் பெருக்கினா அந்தப் பூஜ்யம் வந்தே ஆவணும். வூட்டுலயும் போட்டுப் பாத்தேன்."

அவள் சொன்னது சரி. அவள் கணக்கில் பிழையே இல்லை. நேரே பெரிய வாத்தியாரிடம் போய், அந்தக் குழந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"கரும்பு வெட்றவன் பொண்ணுகிட்ட நான் மன்னிப்பு கேக்கணுமா?" என்றார்.

கொஞ்ச நாளில் என்னை மண்ணாடிப்பட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவள் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வகுப்பில் அந்த மனிதர் அவளைப் "பூஜ்யம்" என்றுதான் கூப்பிடுகிறாராம்.