மொச்சையில் மருந்து வாடை: தங்கவயலுக்கு ஒரு நாள்

‘விவசாயியிடமிருந்து நேரடியாக’ என்று எதிலாவது போட்டிருந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். போன ஜனவரியில் ஒரு காய்கறி ஆப்பில் பச்சை மொச்சை வாங்கினேன். பாக்கெட்டைப் பிரித்ததும் மருந்து அடித்தது போல ஒரு வாடை, கையெல்லாம் பிசுபிசுப்பு. அனுப்பியவர் ஸ்டெல்லா, கோலார் தங்கவயல், ஆண்டர்சன்பேட்டை. நேரில் போய்க் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கிளம்பினேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

சென்னையிலிருந்து காலை ரயிலில் பங்காருபேட்டைக்கு ஐந்து மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் கேட்டார்கள், பேசினால் முந்நூற்றைம்பது. அவசரமில்லாதவர்கள் பஸ்ஸில் போகலாம்.

ஸ்டெல்லா முதலில் வீட்டு கேட்டைத் திறக்கவே இல்லை.

“இன்னா சார், கம்பெனி ஆளா, மண்டி ஆளா? வேவு பாக்க வந்தீங்களா?”

மொச்சை வாங்கியவன் என்றதும் முகம் வெளிறிவிட்டது. கணவர் ஃபேக்டரியில் ஷிஃப்ட். ஊரை ஒட்டிய பாலகாட் பக்கம் குத்தகைக்கு எடுத்த நிலத்தை ஸ்டெல்லாதான் பார்க்கிறார்.

“மருந்து வாடைன்னு ரெண்டு பார்சல் திரும்பி வந்துடுச்சி சார். இன்னும் ஒண்ணு வந்தா ஆப்புல என் கடைய மூடிடுவாங்க. செடி பூரா காய் நிக்குது. மண்டியில போட்டா பறிக்கிற கூலிகூட வராது.”

பிறகு கேட்டைத் திறந்து, என்னைக் கூட்டிக்கொண்டு போய் வயலில் விட்டார். அவர் காட்டிய பக்கம் போகாமல், வேண்டுமென்றே எதிர் மூலையில் ஒரு காயைப் பறித்தேன். அதே வாடை, அதே பிசுக்கு.

“இது சொகடு சார், காயோட சொந்த வாசம். பனி எறங்குனாத்தான் காயில வரும். பெங்களூர்காரங்க மோந்து பாத்துதான் வாங்குவாங்க. வாடை இல்லன்னா பழசுன்னு தள்ளிடுவாங்க. மருந்து அடிச்சிருந்தா இங்க ஆட்ட மேய வுடுவனா?”

இரண்டு ஆடுகள் மொச்சைத் தோலை மென்றுகொண்டிருந்தன. சே, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. நல்லபடியாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போங்கள். காயை மோந்து பார்த்து வாங்குங்கள். முக்கியமாக, அங்கே தெரிந்துகொண்டதை உடனே வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. ஜோலார்பேட்டை தாண்டியதும் மனைவியே கூப்பிட்டாள்.

“அந்த மொச்சைய ரிட்டர்ன் போட்டுட்டேங்க. மருந்து நாத்தம் தாங்கல. ஆள் வந்து எடுத்துட்டும் போயிட்டான்.”

போட்ட ரிட்டர்னை வாபஸ் வாங்க ஆப்பில் வழியில்லை. ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். அதற்குள் ஆப்பில் அவர் கடையை மூடியிருந்தார்கள்.

“பரவால்ல சார்,” என்றார். “உங்களுக்குக் கேட்டத் தொறந்து வுட்டது என் தப்புதான்.”