முதுகுவலியை நம்பாதவர்

தே-ஓ கோசோங் கோப்பையை வாயருகே கொண்டுபோகும்போதும் குணாளன் எதிர்ச்சாரியில் இருக்கும் கண்ணாடிக் கதவைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. பாலும் சர்க்கரையும் போடாத அந்தத் தேநீர் நன்றாக ஆறிய பிறகுதான் தொண்டையில் இறங்கும். உலு திராமில் சுப்ஹான் சாப்பாட்டுக் கடையின் ஓர மேசை அவருக்கென்றே ஆகிவிட்டது. எதிரே, முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் கிளினிக். அதற்குள் யார் எப்படிப் போகிறார்கள், எப்படி வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பு.

ஜொகூர் பாருவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. சந்தேகத்துக்குரிய கிளெய்ம்களை நேரில் போய் விசாரிக்கிற வேலை. ஆஸ்பத்திரி பில்களில் அவருக்குத் தகராறு இல்லை. ரத்தப் பரிசோதனை இருக்கும், ஸ்கேன் இருக்கும். எலும்பை நெட்டி எடுப்பது, சீன ஊசி குத்துவது போன்றவற்றையும் பாலிசியில் சேர்த்த நாளிலிருந்துதான் அவருடைய தூக்கம் குறைந்தது. “வலிக்கு எக்ஸ்ரே கிடையாதுலா. வாய்தான் சாட்சி. வாய நம்பி எப்படிக் காசு குடுக்கிறது?” என்பார்.

அவருக்கென்று சில கணக்குகள் உண்டு. நிஜமாகவே முதுகு பிடித்தவன் காரைவிட்டு இறங்கும்போது முதலில் வெளியே வருவது கை. அது பிடிமானம் தேடும். அப்புறம்தான் கால். தும்மல் வந்தால் பக்கத்தில் சுவர் இருக்கிறதா என்று பார்ப்பான். நடிக்கிறவனோ இடுப்பைப் பிடித்துக்கொண்டே வருவான், கைபேசி அடித்ததும் இடுப்பை மறந்துவிடுவான். முதுகெலும்பு விலகிவிட்டதென்று மாதக்கணக்கில் எம்சி என்று மருத்துவ விடுப்பு எடுத்த ஒருவரைத் தைப்பூசத்தன்று காவடியோடு பார்த்துவிட்டார். எல்லாம் முருகன் செயல் என்றார் அந்த மனிதர். குணாளன் அசரவில்லை. “சாமியே சரி பண்ணிட்டாருன்னா கம்பெனி எதுக்கு?”

வீட்டிலும் அதே ஆள்தான். பாசாரில் வாங்கிய மீனைக் கடைக்காரர் முன்னாலேயே இன்னொரு தராசில் நிறுத்துப் பார்ப்பார். இலவசமாக வந்த நாள்காட்டியை வேறொன்றோடு ஒப்பிட்டுத் தேதி சரிபார்த்த பிறகுதான் ஆணியில் மாட்டுவார்.

போன மாதம் ஒரு முற்பகலில், முதுகுவலி என்று கிளெய்ம் போட்டிருந்த கிடங்கு வேலைக்காரர் ஒருவருக்காக அந்த ஓர மேசையில் காத்திருந்தார். கண்ணாடிக் கதவு திறந்தது. வெளியே வந்தது அவர் மனைவி மலர்.

பாசாருக்குப் போவதாக அவள் காலையில் சொல்லியிருந்தாள். அவருக்கு முதலில் இரக்கம் வரவில்லை. பொய் சொல்லியிருக்கிறாள் என்பதுதான் முதலில் தைத்தது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். ஒருவரும் இல்லை. எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். பழக்கம் விடவில்லை, உட்கார்ந்தபடியே கவனித்தார். மலர் தூணைப் பிடித்துக்கொண்டாள். நடைபாதையிலிருந்து தெருவுக்கு இறங்கும் ஒற்றைப் படியில் கதவுப் பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோலப் பின்பக்கமாக இறங்கினாள். இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பார்க்க ஆளில்லாத இடத்தில் யாரும் நடிப்பதில்லை. அதுவும் அவருடைய கணக்குகளில் ஒன்றுதான்.

“அண்ணே, அது அண்ணியில்ல?” என்றார் கடைக்காரர் சுப்ஹான்.

அன்று சாயங்காலம் மலர் சமையலறையில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். குணாளன் எதிரே உட்கார்ந்து, ஆபீஸில் கேட்பதைப் போலவே கேட்டார்: வலி எப்போது தொடங்கியது, எதைத் தூக்கியபோது, எந்த டாக்டர் அனுப்பினார்? தொழிற்சாலை கேண்டீனில் சோற்றுப் பானையை இறக்கும்போது பிடித்துக்கொண்டது என்றாள். பொங்கலுக்கு முன்பிருந்தே. டாக்டர் யாரும் அனுப்பவில்லை, கேண்டீனில் ஒருத்தி சொல்லித் தானாகப் போனாள். செலவு அவள் சம்பளத்திலிருந்து.

“நம்ம கம்பெனி பாலிசில நீயும் இருக்கே. ஏன் கிளெய்ம் பண்ணல?”

மலர் கையிலிருந்த மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

“அது உங்க மேசைக்குத்தானே வரும்? வலிக்குதுன்னு சொன்னா, எந்திரிச்சு நடந்து காட்டுன்னு சொல்வீங்க.”

சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரிந்திருந்தது. இனிமேலாவது கிளெய்ம் போடலாம், சொந்தக்காரர் விஷயமானால் வேறொருவர்தான் பார்ப்பார் என்று சமாதானமாகச் சொன்னார். ஆனால் டாக்டர் அனுப்பாமல் போன தடவைகளுக்குக் கம்பெனி கொடுக்காது என்று சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. அந்த விதியைக் காட்டி அவர் திருப்பி அனுப்பியவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல.

“தெரியும்லா. அதான் கேக்கல,” என்றாள் மலர்.

மறுநாளே அவளை டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, கைரோபிராக்டிக்கைத் தொடரலாம் என்று எழுதிக்கொடுத்தார். அடுத்த வாரம் இருவருமாகக் கிளினிக்குக்குப் போனார்கள். கைரோபிராக்டர் இளவயதுச் சீனர். அவர் முறையாகப் பதிந்தவர்தானா என்று குணாளன் மலாயில் விசாரித்தார். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் கிட்டே போய்ப் படித்தார். மலர் குப்புறப் படுத்திருக்க, மூலை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எலும்பு நெட்டி முறிகிற சத்தம் கேட்டபோது மட்டும் பாதி எழுந்துவிட்டார். இன்னும் இரண்டு தடவை வந்தால் போதும், பிறகு வீட்டிலேயே உடற்பயிற்சி செய்துகொள்ளலாம் என்றார் அந்த இளைஞர்.

வெளியே வரும்போது குணாளன் மனைவியின் காதருகே சொன்னார்: “ரெண்டு தடவைக்கு மேல வர வேணாங்கிறான். வந்த ஆளை யாராச்சும் விரட்டுவானா? இதுல என்னமோ இருக்கு.”

“இருக்கட்டும்,” என்றாள் மலர்.

வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்புக்குள் அவள் காலை நுழைத்தாள். பின்வார் மடங்கிக் குதிகாலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. குனிய முடியவில்லை. பெருவிரலால் நெம்பிப் பார்த்தாள். எதிர்க்கடையில் சுப்ஹான் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டொருவரும் திரும்பினார்கள். குணாளன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த நடைபாதையிலேயே குந்தினார். அவள் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, வாரை எடுத்துவிட்டுப் பூட்டினார். பிறகு மற்றக் காலுக்காகக் கையை நீட்டினார்.