பதினைந்து நிமிட ஆபரேஷனுக்கு இரண்டு மாதப் பயம்

மனைவிக்கு ரத்த அழுத்தம் என்று நெய்யாற்றின்கரையில் டாக்டர் சொன்ன அன்று, உண்மையில் எகிறியது என்னுடையதுதான்.

"இனி கருத்தடை மாத்திரை வேண்டாம் கேட்டோ, நிறுத்திரணும்" என்றார் டாக்டரம்மா. காப்பர்-டி அவளுக்கு முன்பே ஒத்துக்கொள்ளவில்லை. மாதாமாதம் ரத்தமாகப் போய் அவளை வெளிற வைத்துவிட்டு, ஒரே வருடத்தில் வெளியே வந்துவிட்டது. "பெண்ணுக்கு ஆபரேஷன்னா வயிற்றைத் திறக்கணும். ஆணுக்கு அவ்வளவு பாடில்லை" என்று சொல்லி டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்தேன்.

எதிரே இருந்த டீக்கடையில் மனைவி விஷயத்தை உடைத்தாள். "பதினெட்டு வருஷம் நான் பாத்தாச்சு. இனி நீங்க பாருங்க."

"எத?"

"குடும்பக் கட்டுப்பாட்ட."

டீ மூக்கில் ஏறியது.

கருத்தடை என்றால் என்ன என்று அதுவரை யாராவது கேட்டிருந்தால், அடுக்களையைப் பூட்டிவிட்டு அவள் ஏதோ ஒரு மாத்திரை விழுங்குவது, நான் மறுபக்கம் திரும்பிப் படுப்பது என்றுதான் சொல்லியிருப்பேன். மகள் ப்ளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு. இருவருக்கும் நடுவே அத்தனை இடைவெளி தானாக விழுந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பங்குக்கு எப்போதாவது ஆணுறை வாங்கக் கிளம்புவதுண்டு. உள்ளூர் மருந்துக்கடை என் அத்தை மகனுடையது. அதனால் கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் போவேன். கவுண்டரில் கை வைத்ததும் பின்னாலிருந்து, "எலே, நீ எப்ப வந்த? யாருக்கு சுகமில்ல?" என்று எவனாவது கேட்பான். நான் உடனே இருமுவேன். காட்டாக்கடைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஒரு சொந்தக்காரர் நின்றார். வீட்டில் யாருக்கும் இருமல் இல்லாமலே ஏழு பாட்டில் இருமல் மருந்து சேர்ந்தது.

பாறசாலைக்குப் பக்கம் எனக்குக் குழாய், வால்வு விற்கும் கடை. எங்கள் வார்டு ஆஷா பணியாளர் என்னோடு பள்ளியில் படித்தவள். செய்தி அறிந்து கடைக்கே வந்துவிட்டாள்.

"பதினஞ்சு நிமிஷம் ஆக்கும். கத்தி கிடையாது, தையல் கிடையாது. மரத்துப்போக ஒரு ஊசி, சின்னதா ஒரு துளை. அன்னைக்கே வீட்டுக்கு வரலாம்."

"குரல் மாறுமா?"

"நீ என்ன கச்சேரிக்கா போற?"

"பாரம் தூக்கலாமா?"

"ஒரு வாரம் கழிஞ்சா தூக்கலாம். இப்ப மட்டும் நீ தூக்கிக் கிழிச்சிட்டியாக்கும்!"

"பின்ன… மத்தது?"

"மத்தது பழையபடி இருக்கும். அதுல கூட்டித் தரதுக்கு என்கிட்ட வழியில்ல மக்கா."

சரி என்று தலையாட்டினேன். ஆபரேஷனுக்குக் குறித்த முதல் தேதிக்கு ஒரு கல்யாணம் வந்தது. இரண்டாவது தேதிக்கு எனக்குக் காய்ச்சல் வந்தது; தெர்மாமீட்டருக்குத்தான் அது தெரியவில்லை. மூன்றாவது தேதி அஷ்டமி என்றேன். அதுவரை உறை வாங்கும் பொறுப்பும் என்னுடையதுதான். இருமல் மருந்து பத்து பாட்டிலாயிற்று. இப்படியே இரண்டு மாதம்.

ஒரு காலையில் மனைவி பின்வாசல் படியில் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு நாள் தள்ளிப் போயிருந்தது. என்னிடம் சொல்வது போலில்லாமல், "இந்த வயசுல, இந்த பிரஷர்ல, இனி ஒண்ணு வந்தா என் உடம்பு தாங்காது" என்றாள்.

எதற்கும் ஒரு தமாஷ் வைத்திருப்பவன் நான். அன்று தமாஷை விட்டுவிட்டுப் போனை எடுத்தேன். மறுநாளே பயந்தது போல ஒன்றுமில்லை என்றாயிற்று. அதற்குள் நான் ஆஷாவிடம் தேதி வாங்கிவிட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு முன்னே உட்கார்ந்திருந்தவர் அம்பூரியில் ரப்பர் வெட்டுகிறவர். உள்ளே போனார், கொஞ்ச நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "போயிட்டு வாங்க, உள்ள நல்ல ஏசி உண்டு" என்றார். உள்ளே போனேன். இளம் டாக்டர் மலையாளத்தில் மழையைப் பற்றிப் பேசினார். நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் இரண்டு மொழியிலும் கூப்பிட்டேன். எறும்பு கடித்தது போல ஒன்று. "எப்ப தொடங்குவீங்க?" என்றேன். "கழிஞ்ஞு" என்றார்; முடிந்துவிட்டதாம். பிறகும் அவர் ஏதேதோ விளக்கினார். உயிரோடு இருக்கும் மகிழ்ச்சியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து ராஜாவைப் போலக் கட்டிலில் சாய்ந்து அறிவித்தேன். "முடிஞ்சாச்சு. இனி உனக்கும் எனக்கும் ஒண்ணும் வேண்டாம்."

அவள் ஆஸ்பத்திரிச் சீட்டை நிதானமாகப் படித்தாள். "மூணு மாசம் உறை போடணும்னு எழுதியிருக்கே. பெறகு விந்துப் பரிசோதனை. அதுல ஒண்ணும் இல்லன்னு வந்தாத்தான் முடிஞ்ச கணக்கு."

"அடைச்சாச்சுல்லா?"

"நீங்கதானே கடையில சொல்லுவிய, மேல வால்வ அடைச்சாலும் லைன்ல கெடக்குற தண்ணி வந்து ஒழியணும்னு? இருபது வருஷமா குழாய் விக்குற ஆளுக்கு இது தெரியாண்டாமா?"

ஊர் முழுக்கக் குழாய் போட்டவன், சொந்தக் குழாயில் தோற்றேன்.

அடுத்த வாரம் ஆஷா கடைக்கு வந்து, ஆட்கள் நிற்கும்போதே ஒரு கட்டு ஆணுறையைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனாள். குழாய் வாங்க வந்த பெரியவர் ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "இது புது வாஷரா?" என்றார். இருமல் மருந்து என்று சொல்லப் பார்த்தேன். பிறகு என்ன தோன்றியதோ, "இல்ல மாமா, ஆணுறை" என்றேன். கடையில் மூன்று பேர் சிரித்தார்கள். நாலாவதாகச் சிரித்தவன் நான். அத்தனை வருடம் எல்லை தாண்டி ஓடியது இந்த ஒரு சிரிப்புக்குப் பயந்துதான்.

மூன்று மாதம் கழிந்து பரிசோதனை. முடிவு வாங்கப் போகையில் மனைவியும் ஸ்கூட்டரில் வந்தாள். லேப் வாசலில் அவளே கவரைப் பிரித்தாள். படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். "ஒரு அணுகூட இல்லையாம்" என்றாள். முகம் அப்படியே மலர்ந்தது. பூஜ்ஜியம் வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷமாக என்னை யாரும் பார்த்ததில்லை.

ஸ்கூட்டரில் எங்கள் இருவருக்கும் நடுவே அவளுடைய கைப்பைதான் எப்போதும் உட்கார்ந்து வரும். அன்று ஏறும்போது அதை என்னிடம் நீட்டி, "முன்னால மாட்டுங்க" என்றாள். ஏறியதும் என் இடுப்பைச் சுற்றிக் கை போட்டாள்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. பக்கத்தில் பாதி ஊர் நின்றது.

"எல்லாரும் பாக்குறாங்க" என்று முணுமுணுத்தேன்.

"பாக்கட்டும்" என்று கன்னத்தை என் முதுகில் சாய்த்துக்கொண்டாள்.

ரயில் போய், கேட் திறந்து, பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் வண்டியை எடுத்தேன்.