பீலி நின்ற பின்னேரம்

பிள்ளைகளே, பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடுகளில் காலையில் வெயில், பின்னேரத்தில் இடிமழை என்று உங்கள் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை வாசித்தால் நான் இன்னும் வானத்தை நிமிர்ந்து பார்ப்பேன். ஏன் என்று எழுதுகிறேன்.

ஆடி மழை நாள் பூராவும் நசநசவென்று தூறும். அதோடு தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்களுக்குப் பகையில்லை. ஐப்பசி மழை வேறு. காலையில் கம்பளி காயப்போடலாம். மத்தியானக் கொழுந்தைத் தராசில் நிறுத்து முடிப்பதற்குள் மலை கறுத்துக் கொட்டும். அப்படிக் கொட்டிய ஒரு பின்னேரத்தில், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த பீலியில் தண்ணீர் நின்றுபோனது. மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே விழும் தண்ணீர். மொத்த லயத்துக்கும் அதுதான்.

"சருகு அடைச்சிருக்கும்," என்று அப்பா மண்வெட்டியை எடுத்தார். பீலி நின்றால் எல்லோரும் சொல்வது அதைத்தான்.

"இந்த இடியிலயா? வேணாங்க," என்றார் அம்மா.

"வானமே பீலியா ஊத்துது மச்சான், வாளியப் பிடிச்சா போதுமே," என்று மாமா சிரித்தார்.

"காலையில பொம்பளைங்க கொடத்தோட வந்து நின்னா நீயா பதில் சொல்லுவ?" என்றார் அப்பா.

ஊற்றைப் பார்க்க மலையேறிப் போய்விட்டார். நான் வாசலில் நின்று மேலே பார்த்தேன். மழை மூடியிருந்ததால் மின்னல் வெட்டும்போது மட்டும் தெரிந்தார். ஒரு மின்னலில், மண்வெட்டியை ஓங்கியபடி. அடுத்த மின்னலில் ஆளைக் காணோம். தரை உறுமியது. இடி மேலேயிருந்து வரும். இது காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

பிறகு வெறுங்கையோடு ஓடிவந்தார்.

"மண்ணு வாயப் பொளந்துருச்சு! தண்ணியெல்லாம் உள்ள எறங்குது! கோயிலுக்கு ஓடுங்க!"

ஒவ்வொரு கதவாக அடித்தார். சோற்றுப் பானையை எடுக்கத் திரும்பிய அம்மாவைத் தோளைப் பிடித்து இழுத்தார்.

எதிர்மேட்டுக் கோயிலில் நின்று பார்த்தோம். தேயிலையோடு மலை சரிந்து லயத்தின் பாதியை மூடியது. எங்கள் வீடும் போனது. ஆள் ஒருவரும் போகவில்லை. 

நான் அப்பாவின் பக்கத்தில் போகவில்லை. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி மலையை உள்ளே கரைத்துக்கொண்டிருந்தது, அதனால்தான் பீலி நின்றது என்பதெல்லாம் எனக்கு அப்போது விளங்கவில்லை. அப்பா வெட்டியதால்தான் மலை உடைந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, வழக்கம்போல வெயில். பொலிஸ் ஜீப் ஒன்று வந்தது. அப்பாவைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் ஜீப்பைச் சூழ்ந்து நின்றபோது, நான் மட்டும் கோயிலுக்குப் பின்னால் போனேன். அப்பா இடுப்பிலிருந்து கழற்றிப் போட்டிருந்த சாரத்தில் அப்பியிருந்த மலைமண்ணை, தேங்கி நின்ற மழைத்தண்ணீரில், யாரும் பார்க்குமுன் கசக்கிக் கசக்கி எடுத்தேன்.