நீலமாக எரிந்த சாராயம்

அப்போது மதுவிலக்கு. அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. நானும் பக்கத்து வீட்டு நெசவாளி ஏகாம்பரமும் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். கூரம், தாமல் ஏரிக்கரை என்று, திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுகிற இடங்களைத் தேடிப் போய் ருசி பார்ப்பதுதான் எங்கள் உல்லாசப் பயணம். சரக்கைச் சோதிப்பது என் வேலை. கொஞ்சம் தரையில் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவேன். நீலமாக எரிந்தால் குடிக்கலாம் என்பது எங்கள் கணக்கு.

ஒருமுறை புது ஆள் ஒருவன் விற்ற சரக்கும் நீலமாகத்தான் எரிந்தது. "சுத்தமான சரக்குபா, தைரியமா குடி" என்றேன். திரும்பும் வழியில் எனக்கு வாந்தி வந்து எல்லாம் வெளியேறிவிட்டது. ஏகாம்பரத்துக்கு வரவில்லை. "உனக்குக் குடிக்கவே தெரியலபா" என்று சிரித்தான்.

மறுநாள் காலை, நல்ல வெயில் ஏறிய பிறகு, தறியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாபா, இன்னும் விடியலையா?" என்று கேட்டான்.

"விஷச் சாராயமும் நீலமாத்தான்யா எரியும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஏகாம்பரத்துக்குப் போன பார்வை திரும்பவில்லை.

அன்றோடு குடியை விட்டேன். தீக்குச்சிச் சோதனையை யார் நம்பினாலும் சண்டைக்கே போகிறேன். அமாவாசைதோறும் ஏகாம்பரத்தின் வீட்டில்தான் இருக்கிறேன். பீடிக்குத் தீக்குச்சியைக் கிழித்தால் போதும், அவன் கேட்கிறான்: "இன்னா கலர்ல எரியுதுபா?"